மாகாண அரங்கில் எம். சி. ராஜா

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஆசிரியராகப் பணி தொடங்கிச் சட்டசபைகளில் நமக்காக வாதாடிய பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்களை நினைவு கூர்கின்றோம்.

1883இல் பரங்கிமலையில் பிறந்த அவர், 1920ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் அமைந்த சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார். இழிபெயர்களை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்றே நம்மைக் குறிக்க வேண்டுமென்னும் அவரது தீர்மானம் 1922இல் நிறைவேறியது.

1932இல் அண்ணல் அம்பேத்கர் தனித்தொகுதிக்குப் போராடுகையில், ராஜா அவர்கள் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்து கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். சாதி இந்துக்களின் நல்லெண்ணத்தை அவர் நம்பினார்.

அந்நம்பிக்கை 1938இல் சோதனைக்குள்ளாயிற்று. பொதுச்சாலை, கிணறு முதலியவற்றில் நமக்கிருந்த தடைகளை நீக்கும் அவரது மசோதா சட்டமாயிற்று. ஆனால், அவர் கொணர்ந்த ஆலய நுழைவு மசோதாவை மாகாணப் பிரதமர் இராஜாஜி எதிர்த்தார். பெரும்பான்மைக் கட்சியின் கட்டுப்பாட்டின் முன் அது தோற்றது. காந்தியடிகளுக்கு எழுதிய முறையீடும் பயன் தரவில்லை.

ராஜா அவர்கள் பட்டறிவை மறைக்கவில்லை. பழைய நிலையைப் பிடித்துக் கொண்டிருக்கவுமில்லை. 1942இல் கிரிப்ஸ் அவர்களை அம்பேத்கருடன் சேர்ந்தே சந்தித்து, நம் மக்களுக்குத் தக்க பாதுகாப்புக் கோரினார். மறு ஆண்டே மறைந்தார்.

இளைஞர்களே! தலைவர்களின் வெற்றிகளை மட்டுமன்று, அவர்கள் எண்ணம் மாறிய இடங்களையும் கற்போம். பிறர் நல்லெண்ணத்தை வரவேற்போம். உரிமையை அதனிடம் ஒப்படையோம்.