எலும்பு கட்டிய குடும்பம்



சுளுக்கு வழிப்பவரும் முறிந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுபவரும் தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதியவர்கள் அல்லர். படித்த மருத்துவர்கள் அவர்களை இகழ்வதும் நாம் அறிந்ததே. பிரிட்டனிலும் இதே கதைதான்.

1740-களில் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவருகே கப்பல் உடைந்து ஒரு சிறுவன் கரை சேர்ந்தான் என்பது அக்குடும்பத்தின் வரலாறு. அவன் பேசிய மொழி எவருக்கும் புரியவில்லை. இவான் தாமஸ் என்ற பெயருடன் வளர்ந்த அவனுக்கு, எலும்பைத் தடவிப் பார்த்தே பொருத்தும் திறம் வாய்த்திருந்தது. அது மகனுக்கு வந்தது, பேரனுக்கும் வந்தது. லிவர்ப்பூலில் தொழில் செய்த அப்பேரனை மருத்துவர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தனர். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் ஐந்து புதல்வர்களையும் மருத்துவம் படிக்க வைத்தார்! அவமானத்துக்கு இதைவிட நல்ல பதில் உண்டோ?

மூத்தவரான ஹியூ ஓவன் தாமஸ் 1857-ல் தேர்ச்சி பெற்றார். துறைமுகத் தொழிலாளரே அவரிடம் மிகுதியாக வந்தனர். ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு இலவச வைத்தியம். முறிந்த கால் நெடுநாள் அசையாதிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கென, தொடையைச் சுற்றும் வளையமும் காலின் இருபுறமும் நீண்ட இரும்புக் கம்பிகளும் கொண்ட சட்டம் ஒன்றைச் செய்தார். வீட்டிலேயே கொல்லர் ஒருவரையும் வைத்திருந்தார். மருத்துவ உலகமோ பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1891-ல் அவர் மறைந்தார்.

முதல் உலகப் போரில், அவருடைய மனைவி வழி உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ் அச்சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். தொடையெலும்பு முறிந்த வீரர்களில் தொடக்கத்தில் நூற்றுக்கு 80 பேர் இறந்தனர் என்பர். 1917-ல் அது 20-க்கும் கீழே இறங்கியது. காயம்பட்டோரைத் தூக்கிச் செல்பவர்கள், காலணியைக்கூடக் கழற்றாமல், இருட்டிலும் அதனைக் கட்டுவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி பெற்றனர்.