அரசின் நிலம், பெண்களின் கல்லூரி: ராணி மேரிக் கல்லூரியை முன்வைத்து

சென்னை ராணி மேரிக் கல்லூரியைத் தமிழகப் பெண்களின் உயர்கல்விக்குத் தொடக்கமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி அதற்கு முந்தியது. சகோதரி சுப்புலட்சுமி 1911-இலேயே மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு முத்துலட்சுமி மருத்துவரானார். 1914 ஜூலையில் மெரினாவின் கேப்பர் மாளிகையில் தொடங்கிய கல்லூரியின் புதுமை வேறு: பெண்களுக்கென்றே ஒரு கல்லூரியை நடத்தும் பொறுப்பை அரசு ஏற்றது. கல்லூரியின் வலிமை, ஆபத்து இரண்டுக்கும் வேர் இந்த உடைமையே என்பது என் வாதம்.

அன்று பெண்கல்வியில் முன்னின்றவை மிஷன் பள்ளிகள். 1915-இல் எழுந்த பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் மிஷன்களின் கூட்டு முயற்சிதான். மதமாற்றத்துக்கு அஞ்சிய மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் குடும்பங்களுக்கு அரசுக் கல்லூரி என்ற பெயரே ஓர் உறுதிமொழியாக இருந்திருக்க வேண்டும். இதே கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. பால்ய விதவையான சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த இல்லம் அங்குதான் இயங்கியது; அக்கட்டடமும் அரசு வாங்கியதே. அங்கிருந்து பெண்கள் இக்கல்லூரிக்குப் படிக்க வந்தார்கள். ஆக, கல்லூரியின் வரலாற்றை அதன் மதிலுக்குள் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். விதவைக்கு வீட்டின் பின்கட்டை ஒதுக்கிய சமூகத்தில் பாடத்திட்டத்தைவிடத் தங்குமிடமே முதல் தேவை. நம் கல்வி வரலாறுகள் விடுதியைப் பின்னிணைப்பாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

ஆக்ஸ்போர்டில் பயின்ற டாரதி டி லா ஹே 1914 முதல் 1936 வரை முதல்வராக இருந்தார். அரசுப் பதவியில் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டு ஒரே நாற்காலியில் நீடித்ததால் அமைந்த தொடர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் பெயர்களைச் சூட்டும் உரிமை ஆட்சியிடமே இருந்தது. சென்னை மகளிர் கல்லூரியாகத் தொடங்கியது 1917-இல் பேரரசியின் பெயரை ஏற்றது. புதுக் கட்டடத்துக்கு ஆளுநர் பென்ட்லண்டின் பெயர்.

கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம் என்ற நிலை 2003-இல் வந்தது. கல்லூரிக் கட்டடங்களை இடித்து அங்கே புதிய தலைமைச் செயலகம் எழுப்ப அன்றைய அரசு முடிவெடுத்தது. கோப்புகளில் அது அரசு நிலம். வளாகத்துக்குள் அமர்ந்து போராடிய மாணவியருக்கோ அது கியூ.எம்.சி. (குயின் மேரிஸ் காலேஜ்). சட்டப்படி உடைமை மாறவில்லை, ஆனால் உரிமை கோரும் குரல் மாறிவிட்டது. முன்னாள் மாணவியரும் துணைநின்றனர், எதிர்க்கட்சிகளும் களமிறங்கின. திட்டம் கைவிடப்பட்டது. அரசியல் ஆதாயத்துக்காகச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதால் மாணவியரின் உரிமைக்கோரல் சிறுத்துவிடாது.

கேப்பர் மாளிகை இன்று இல்லை. அங்கே நிற்கும் கட்டடத்தின் பெயர் கலைஞர் மாளிகை. பென்ட்லண்ட் காலத்துப் பெயர்சூட்டு மரபு ஆட்சி மாறியும் மாறவில்லை.