வறட்சியில் தொடங்கும் வெள்ளம்

வெள்ளத்தைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் மழையில் தொடங்குகின்றன. வானம் இருள்கிறது, அணை நிரம்புகிறது, முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் காக்கின்றனர். கேரள வெள்ளத்தை வைத்து ஜூட் ஆன்டனி ஜோசப் இயக்கிய ‘2018’ (2023) என்னும் மலையாளப் படமும் அவ்வழியே செல்கிறது. மீனவர்கள் படகுகளோடு வரும் காட்சியில் நாமும் கண்கலங்கினோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது: நீர் வரும் இடத்திற்கு வீடு வந்தது எப்போது?

கரிசல் மண்ணில் வாழும் நமக்கு இக்கேள்வி அயலானதாகத் தோன்றலாம். நம் நிலத்தின் படம் கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து கே. பாலசந்தர் எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’ (1981). சிவகாசியின் தொழிலும் வறட்சியின் பிள்ளையே. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். விளைச்சல் பொய்த்த ஊரில் வெயிலே முதலாயிற்று. இன்றும் மழை பிடித்தால் காயவைக்க வழியின்றிப் பட்டாசு வேலை நின்றுபோகும்.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் வேறொன்று நிகழ்ந்தது. மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரி 1923இல் வடிக்கப்பட்டு, அந்நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மழையின் சிறப்பைத் தம் நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்தவருக்கு ஏரியின்மேல் கோட்டம்! 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் தேங்கியபோது அதை மழையின் கொடுமை என்றே பலரும் பேசினர்.

சென்னைக்கு நிலப்பசி. நம் பக்கத்துக்கு மறதி. நம் கண்மாய்கள் தொடராக அமைந்தவை. ஒன்றின் மறுகால் நீர் அடுத்ததை நிரப்பும். நான்கைந்து ஆண்டுகள் மழை பொய்த்தால் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டும், வரத்துக்கால் தூரும். பிறகு அது பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் புறம்போக்கு. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு மனை பார்க்கச் சென்றோம். முள்வெட்டிச் சமன்செய்த தரை. எல்லையில் இரண்டு கற்றூண்கள். பழைய கோயில் தூண் என்றார் தரகர். அருகில் ஆடு மேய்த்த முதியவர், “மடைத்தூணுங்கய்யா” என்றார். நாம் திரும்பிவிட்டோம், மனைகள் விற்றுத் தீர்ந்தன.

2023 டிசம்பரில், நம் வைப்பாறு கடலைச் சேரும் தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அங்கே ஓராண்டு முழுதும் பெய்வதைவிட அது அதிகம். வானம் பார்த்த பூமிக்கு வெள்ளம் வராது என்னும் நம்பிக்கை அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

கௌசிகா நதிக்கரையிலோ அர்ச்சுனா நதிக்கரையிலோ வெள்ளப்படம் எடுக்க எவரேனும் வந்தால், முதற்காட்சியைச் சித்திரை வெயிலில் வைக்கட்டும்: வறண்ட உள்வாயில் ஒருவர் எல்லைக்கல் நடுகிறார். மனை வாங்குவோரும் முன்பணம் கொடுக்குமுன், இந்தக் கண்மாயின் மறுகால் எப்பக்கம் போகும் என்று ஆடு மேய்ப்பவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.