வாசலில் நின்ற அச்சம்

ரஷ்யக் குடியானவரின் வீட்டை 'இஸ்பா' என்பர். மரத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய சிறு வீடு அது. ஒரு மூலையில் பெரிய அடுப்பு. அதற்கு எதிர்மூலையில் திருவுருவப் படங்கள். பின்னதை 'அழகிய மூலை' எனப் போற்றினர். மெழுகுதிரி வாங்க வசதியற்ற ஏழைகள், பிர்ச் மரச் சிராய்களைக் கொளுத்தியே இருளை விரட்டினர். பல வீடுகளுக்குப் புகைபோக்கியும் இல்லை. அடுப்புப் புகை கதவின் வழியே வெளியேறிற்று.

இத்தகைய வீடொன்றின் மங்கிய ஒளியை வசீலி மக்சீமவ் 1875இல் ஓவியமாக்கினார். 'குடியானவர் திருமணத்திற்கு மந்திரவாதியின் வருகை' என்னும் அப்படம், மாஸ்கோவின் திரெத்தியக்கோவ் கூடத்தில் உள்ளது. மக்சீமவ் 1844இல் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். திருவுருவம் தீட்டும் பட்டறையில் தொழில் பயின்றவர். எனவே, அவ்வீட்டை அவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவரல்லர்.

படத்தை நோக்குவோம். மணமக்கள் திருவுருவங்கள் இருக்கும் மூலையில் நிற்கின்றனர். திடீரெனக் கதவு திறக்க, பனி படிந்த உடையோடு முதியவர் ஒருவர் நுழைகிறார். அவர் மனம் கோணினால் மணமக்களுக்குக் கேடு விளையும் என்பது ஊரார் நம்பிக்கை. ஆகவே, பெண்ணொருத்தி அப்பமும் உப்பும் ஏந்தி அவரை எதிர்கொள்கிறாள். கூடியிருப்போரின் விழிகள் வாசலை நோக்குகின்றன.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் சட்டப்படி ஒழிந்தது. அதன்பின் 14 ஆண்டுகள் கழித்து எழுந்த ஓவியம் இது. ஆண்டைகளிடமிருந்து மக்களை விடுவிக்க ஓர் ஆணை போதுமானதாயிற்று. உள்ளத்து அச்சத்தினின்று விடுவிக்க எந்த ஆணையால் இயலும்? மக்சீமவ் அம்மக்களை எள்ளி நகையாடவில்லை. ஒரே கூரையின் கீழ் மூலையில் நம்பிக்கையும் வாசலில் அச்சமும் குடியிருப்பதை, உள்ளிருந்தே அறிந்தவராய்க் காட்டுகிறார்.

நெடுநேரம் நோக்கினால் நம் கண் அம்முதியவரின் தோள்மீது படிந்த பனியில் நிலைக்கிறது. அவரும் குளிரில் நடந்து வந்தவரே. அவருக்கு அப்பம் கிடைக்கிறது, அன்பு கிடைக்குமா? அஞ்சி அளிக்கும் விருந்து கையை நீட்டும், நெஞ்சைத் திறவாது. யாரைக் கண்டு அஞ்சுகிறோமோ, அவரை அடுப்பருகே அமரச் செய்யும் நாளில்தான் அவ்வீட்டின் இருள் முழுமையாக விலகும். நம் வீட்டின் இருளும் அவ்வாறே அன்றோ?