தவறு செய்வதற்கென்றே ஒரு கப்பல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை மெரினா. மற்ற நாட்களில் வெளிவட்டச் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தால்தான் ஊரில் துறைமுகம் இருப்பதே ஞாபகம் வரும். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பி.டபிள்யூ. மேப்பிள் வெளியே வந்துகொண்டிருந்தது, டான் காஞ்சிபுரம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். மீன் வாங்க ஆளில்லை. அன்று எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரேடார் எல்லாம் இருந்தும் எப்படிங்க மோதுது?

கேள்வி பழசு. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்கக் கரைக்கு அப்பால் ஆண்ட்ரியா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதியதில் 51 பேர் இறந்தார்கள். இரண்டு கப்பலிலும் ரேடார் இருந்தது. ஒன்றின் திரையில் மற்றது தெரியவும் செய்தது. ஆனால் ஆண்ட்ரியா டோரியாவில், எதிரே வருவது எந்தத் திசையில் நகர்கிறது என்று யாரும் தாளில் புள்ளி வைத்து வரையவில்லை. ஒன்று இடப்பக்கம் திருப்ப, மற்றது வலப்பக்கம் திருப்பியது. கருவி சரியாகத்தான் வேலை செய்தது. அதைப் படிக்கும் கண்ணுக்குப் பயிற்சி போதவில்லை.

பயிற்சிக்கு நிஜக் கப்பலை மோதவிட முடியாதே. பிரான்சில் போர்ட் ரெவெல் ஏரியில் 1967இல் ஒரு வழி கண்டார்கள்: 25இல் ஒரு பங்கு அளவில் மாதிரிக் கப்பல்கள், அதற்குள்ளேயே கேப்டன் உட்கார்ந்து ஓட்டுவார். எனக்குப் பிடித்த விஷயம் இதிலுள்ள கணக்கு. 1870களில் வில்லியம் ஃப்ரூட் தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்து நிறுவிய விதிப்படி, நீளம் 25 மடங்கு சுருங்கினால் நேரம் 5 மடங்கு சுருங்கும். நிஜத்தில் ஐந்து நிமிடம் எடுக்கும் திருப்பம் அங்கே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கேப்டனின் மூளை மட்டும் அதே வேகத்தில்தான் ஓடும்!

கம்ப்யூட்டர் சிமுலேட்டர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1970களின் நடுவில் நியூயார்க்கின் கிங்ஸ் பாயின்டில் அமெரிக்க அரசு கட்டிய கூடத்தில் கப்பலின் பிரிட்ஜ் முழு அளவில் இருந்தது, நேரமும் நிஜ நேரம். எந்த அதிகாரி எந்த நொடியில் சுக்கானைத் திருப்புகிறார் என்று ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்ய முடிந்தது. மாலுமிப் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. ஒப்பந்தம் 1995இல் திருத்தப்பட்டு, 1997 பிப்ரவரி 1 முதல் அமலானது. ஆனால் அது கட்டாயமாக்கியது ரேடார் சிமுலேட்டரை மட்டும்தான். முழு பிரிட்ஜ் சிமுலேட்டர் அதில் சேரவில்லை. கஞ்சத்தனம் என்றே எனக்குப் படுகிறது.

2008 சட்டப்படி அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உத்தண்டியில் இருக்கிறது. கானாத்தூரில் அமெட். அம்பத்தூரிலிருந்து கப்பலுக்குப் போகிற பையன் ஊரையே குறுக்கே கடந்து ஈ.சி.ஆர். போகவேண்டும். சிமுலேட்டரில் அவன் கப்பலைத் தரைதட்ட விட்டால் ஆசிரியர் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிக் காட்டுவார்.

ஆனால் திரையிலிருக்கும் கப்பலுக்கு நாம் எழுதிக் கொடுத்த சமன்பாடு மட்டும்தான் தெரியும். ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போனால் கப்பல் கூடுதலாக அமிழும், கரையை ஒட்டினால் பின்பக்கம் கரைநோக்கி இழுபடும். புரோகிராமில் இது பிசகினால் பையன் பிசகையே பழகுவான். அதனால்தான் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையில் 82 மீட்டர் தொட்டியில் இன்றும் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்க்கிறார்கள்.