மணி யாருக்கு அடித்தது?

மும்பைக்குப் போகிறவர்கள் ராஜாபாய் கோபுரத்தைப் பார்க்காமல் வருவதில்லை. சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கி ஓவல் மைதானத்துக்கு நடந்தால் போதும். பல்கலைக்கழக வளாகத்தில் 280 அடி உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே ஏற விடமாட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு ஒரு கதையும் சொல்வார்கள். பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்தின் தாய் ராஜாபாய்க்குக் கண் தெரியாதாம். சமண வழக்கப்படி பொழுது சாயும் முன்னே சாப்பிட வேண்டுமாம். அம்மாவுக்கு நேரம் தெரிய மகன் காசு கொடுத்துக் கட்ட வைத்த மணிக்கூண்டாம்.

கதை நல்லாத்தான் இருக்கிறது. காசு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அது சொல்லாது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். கறுப்பின அடிமைகள் பறித்த பருத்தி இங்கிலாந்து மில்களுக்குப் போகாமல் துறைமுகங்கள் அடைபட்டன. பம்பாய்ப் பருத்திக்கு விலை எகிறியது. அந்தப் பணம் கொழித்த காலத்தில், 1864இல், ராய்சந்த் கோபுரத்துக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1869இல் அடிக்கல் நாட்டி 1878இல் முடித்தார்கள். வரைபடம் போட்ட ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்த மண்ணை மிதித்ததே இல்லை.

கோபுரத்தின் மேற்பகுதியை உற்றுப் பாருங்கள். சிலைகள் நிற்கின்றன. சாமி சிலைகள் அல்ல, மேற்கிந்தியாவின் சாதிகளும் சமூகங்களும். ராஜபுத்திரர், மராத்தியர், பார்சி, குஜராத்தி வணிகர் என்று அவரவர் தலைப்பாகை, உடுப்போடு நிற்கிறார்கள். சாதி மனசில்தான் இருக்கிறது, காலம் மாறினால் கரைந்துவிடும் என்று பேசுகிறவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும். அறிவு வளர்க்கிற இடத்திலேயே, ஓடுகிற கடிகாரத்தோடு சேர்த்து, சாதியைக் கல்லில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிகாரத்துக்காக ஒரு சண்டையும் நடந்தது. 1880களில் பம்பாயிலும் சென்னை நேரத்தைப் புகுத்த அரசாங்கம் முனைந்தது. பம்பாய் நேரத்தைவிட அது சுமார் அரை மணி முன்னால் ஓடும். கோபுரம் பம்பாய் நேரத்தைத்தான் காட்ட வேண்டும் என்று 1883இல் பல்கலைக்கழக செனட் முடிவு செய்தது. படித்தவர்கள் அரை மணி நேரத்துக்காக மல்லுக்கு நின்றார்கள். மில்லுக்குள் கிடந்தவர்களின் முழு நாளைப் பற்றி யார் பேசினார்கள்?

ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகாண்டே பேசினார். 1884இல் தொழிலாளர்களைக் கூட்டினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் ஒப்பமிட்டார்கள். என்ன கேட்டார்கள்? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. மதியம் அரை மணி இடைவேளை. காலை ஆறரைக்கு வேலை தொடங்கி, பொழுது சாய்ந்தால் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்! பொழுது சாயும் முன்னே சாப்பிட ஒரு தாய்க்குக் கோபுரம் எழும்பிய ஊரில், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மனுப்போட வேண்டியிருந்தது. ஞாயிறு விடுமுறை 1890இல்தான் கிடைத்தது.

நம்ம சனங்களுக்கு அந்த மில்லுக்குள்ளேயும் ஒரு சேரி இருந்தது. நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் அங்கே நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவன் வாய் வைத்த நாடாவில் சாதி இந்து எப்படி வாய் வைப்பான்? கதவைச் சாத்திவிட்டார்கள். கூலி குறைந்த நூற்புப் பிரிவுதான் மிச்சம். 1928 பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவைத் திறந்துவிடு என்று கேட்டவர் பாபாசாகேப் அம்பேத்கர். அடிமை பறித்த பருத்தி தடைபட்டதால் பெருகிய காசில் கோபுரம் எழுந்தது. அதே பருத்தியின் நூல் எங்கள் எச்சில் பட்டால் தீட்டானது.

கோபுரத்துக்குப் பக்கத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, இதே பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் வாங்கியவர் அவர். அடுத்த கட்டடமான உயர்நீதிமன்றத்தில் வக்கீலாக நின்றவர். வாரத்துக்கு 54 மணியாக இருந்த ஆலை வேலையை 48 மணியாகக் குறைக்க 1946இல் மசோதா கொண்டுவந்தவரும் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அவரேதான்.

கல்லில் நம்ம உருவத்தைச் செதுக்கச் சொல்லி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. கடிகாரம் நேரத்தைக் காட்டியது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் உழைக்கிறவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று வாதாடி வாங்கியவர்கள் லோகாண்டேவும் பாபாசாகேப்பும். பிள்ளைகளை அழைத்துப் போய் மணிக்கூண்டைக் காட்டுகிறவர்கள், ராஜாபாய் கதையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.