பதிவிறக்கம் ஏன் தாமதமாகிறது? ஒரு வரலாற்றுப் பார்வை

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் உள்ள மென்பொருள்களுக்கு அடிக்கடி புதுப்பிப்புகள் வருகின்றன. "3 விழுக்காடு முடிந்தது" என்ற வாசகம் திரையில் நெடுநேரம் அசையாமல் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். குயிலாப்பாளையம் முதல் மரக்காணம் வரையுள்ள எங்கள் கடற்கரை ஊர்களில் இதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: "உப்புக் காற்றில் கம்பி கெட்டுவிட்டது." சில வேளைகளில் அது உண்மைதான். செம்புக் கம்பியின் இணைப்புகளில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் களிம்பு ஏறும், மின்குறிகள் நலியும். ஆனால் கம்பி நன்றாக இருக்கும்போதும் இறக்கம் தவழ்வதுண்டு. அதன் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது, பயனுள்ளதும் ஆகும்.

புதுப்பிப்பு தாமதித்தால் என்ன?

"பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கக்கூடிய செயல் அன்று இது. 2003ஆம் ஆண்டு ஜூலை 16இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஆகஸ்ட் 11இல் அதே ஓட்டை வழியாக 'பிளாஸ்டர்' என்ற புழு உலகெங்கும் கணிப்பொறிகளைத் தாக்கியது. 2017இலும் இதுவே நடந்தது. மார்ச் 14இல் திருத்தம் வந்தது. மே 12இல் 'வான்னாகிரை' தாக்கி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளும் முடங்கின. இரு முறையும் மருந்து முன்பே வந்துவிட்டது. அது போய்ச் சேராத கணிப்பொறிகளே வீழ்ந்தன.

9.6 கிலோபிட் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை 1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் தொடங்கியது. தொலைபேசிவழி இணைப்பின் அன்றைய வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு மெகாபைட் என்பது 80 இலட்சம் பிட். இதை 9,600ஆல் வகுத்தால் 833 வினாடி வருகிறது. அதாவது ஏறத்தாழ 14 நிமிடம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணைப்பு தருபவர் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார். கோப்பின் அளவோ பைட்டில் குறிக்கப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 40 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் வராது. அதைக் குறை என்று கருதுவது கணக்குப் பிழையே.

2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அகலப்பட்டை என்று வரையறுத்தது. அந்த வேகத்தில் ஒரு கிகாபைட் இறங்க எட்டரை மணி நேரத்திற்கு மேலாகும். 2013இல் இது 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

நெரிசலில் நின்ற ஓட்டம்

இணையத்தில் ஒரு கோப்பு சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததற்கு, பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைப் போல, ஓர் ஒப்புகை திரும்பிச் செல்கிறது. ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார்.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. இரண்டுக்கும் இடையே 400 கஜ தூரமே. ஆனால் வினாடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த ஓட்டம் திடீரென்று வெறும் 40 பிட்டாக விழுந்தது. கம்பியில் பழுது இல்லை. பின் என்ன?

உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பல மடைகளை ஒரே நேரத்தில் ஒரு சிறு வாய்க்காலில் திறந்துவிட்டால் நீர் கரை மீறி வழியும். நீர் வழிந்தால் போயிற்று. பொட்டலம் வழிந்தாலோ அனுப்பியவர் அதை மறுபடியும் அனுப்புகிறார். அதனால் நெரிசல் மேலும் கூடுகிறது, மேலும் வழிகிறது. முடிவில் வாய்க்கால் முழுவதும் மறுபடி அனுப்பியவையே நிறைந்து, உருப்படியாக எதுவும் போய்ச் சேருவதில்லை.

இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் தீர்வை வெளியிட்டார். அனுப்புபவர் முதலில் சில பொட்டலங்களை மட்டும் அனுப்ப வேண்டும். ஒப்புகை வர வர வேகத்தைக் கூட்டலாம். ஒரு பொட்டலம் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். இம்முறையே வளர்ச்சி பெற்று இன்றும் இணையத்தை நடத்துகிறது. ஆனால் களிம்பேறிய இணைப்பினால் பொட்டலம் தொலைந்தாலும், இம்முறையைப் பின்பற்றும் கணிப்பொறி அதையும் நெரிசலாகவே எண்ணி வேகத்தைக் குறைக்கக்கூடும். சிறு பழுது பெருந்தாமதமாவது இப்படித்தான்.

ஒளிக்கும் நேரம் பிடிக்கும்

1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. 2002இல் அதே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கி.மீ. நீளமுள்ள ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்லும். எனவே அந்த வடத்தில் போய்வர ஒரு வினாடியில் ஆயிரத்தில் 32 பங்கு ஆகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்வர ஏறத்தாழ கால் வினாடி ஆகலாம்.

கால் வினாடிதானே என்று எண்ண வேண்டாம். பழைய விதிப்படி, ஒப்புகை வருமுன் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்ப இயலாது. கால் வினாடிக்கு ஒருமுறை அவ்வளவுதான் என்றால், வினாடிக்குச் சுமார் 2 மெகாபிட் ஆகிறது. வீட்டு இணைப்பு 100 மெகாபிட்டாக இருந்தாலும் ஒரு தொடர்பில் அதற்கு மேல் வராது! 1992இல் வெளியான ஒரு விதி இந்த வரம்பைத் தளர்த்தியது. ஆயினும் தொலைவு கூடினால் தொடக்க வேகம் மெல்லவே ஏறும் என்பது மாறவில்லை.

அருகிலேயே ஒரு களஞ்சியம்

தொலைவை வெல்ல எளிய வழி, ஒருமுறை கொண்டுவந்து அருகில் வைத்துப் பகிர்வதாகும். இதற்கு நம் பகுதியிலேயே ஒரு முன்னோடி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றின் நடுவிடம். அங்கே திரட்டப்பட்ட செய்திகள் வானொலி அலைகள் மூலம் ஊர்களுக்குச் சென்றன. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. ஒரு மெல்லிய தொலைபேசிக் கம்பி ஓர் ஊர் முழுவதற்கும் பயன்பட்டது!

அதே 1998இல் அமெரிக்காவில் ஆகமாய் நிறுவனம் தோன்றியது. ஒரே கோப்பின் நகல்களை உலகின் பல நகரங்களில் வைத்து, கேட்பவருக்கு அருகிலுள்ள நகலைத் தருவது அதன் முறை. இன்று பெரிய நிறுவனங்களின் புதுப்பிப்புகள் பெரும்பாலும் இத்தகைய அருகிலுள்ள களஞ்சியங்களிலிருந்தே வருகின்றன. 2003இல் உருவான இந்திய தேசிய இணைய மாற்றகம், சென்னை உள்ளிட்ட நகரங்களில் இந்திய நிறுவனங்களின் இணைப்புகளை உள்நாட்டிலேயே சந்திக்க வைத்தது. அதற்குமுன் ஓர் இந்திய நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் தகவலும் வெளிநாடு சுற்றி வருவதுண்டு.

வீட்டுக்குள் ஒரு வரிசை

2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது மற்ற எல்லாம் ஸ்தம்பிப்பதைக் கவனித்தார். வீட்டிலுள்ள இணையப் பெட்டியில் பொட்டலங்கள் காத்திருக்கும் இடம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததே காரணம். வழிந்து தொலைய வேண்டிய பொட்டலம் நீண்ட வரிசையில் நிற்கிறது. நெரிசல் செய்தி அனுப்புபவருக்குத் தாமதமாகவே தெரிகிறது. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இவ்வரிசையைக் கட்டுப்படுத்தும் முறை ஒன்றைத் தந்தனர்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றின் படிகளையே சோதனையின் படிகளாகக் கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே ஆய்வு முறை.

முதலில் பிட், பைட் கணக்கைச் சரிபாருங்கள். அடுத்து, வைஃபையை விட்டுக் கம்பியால் கணிப்பொறியைப் பெட்டியுடன் இணையுங்கள். வேகம் கூடினால் குறை வீட்டுக் காற்றலையில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்டை வீட்டுப் பெட்டிகளும் நுண்ணலை அடுப்பும் குறுக்கிடும். கம்பியிலும் வேகம் இல்லையென்றால், வீட்டில் வேறு எவரேனும் படங்களையோ கோப்புகளையோ மேலேற்றுகிறார்களா என்று பாருங்கள். அதை நிறுத்திச் சோதியுங்கள். பிறகு விடியற்காலையிலும் இரவு 9 மணியிலும் ஒப்பிடுங்கள். இரவில் மட்டும் குறைந்தால் அது பொது வாய்க்காலின் நெரிசல். மற்ற தளங்கள் விரைவாக வந்து ஒரு புதுப்பிப்பு மட்டும் தவழ்ந்தால், வெளிநாடு சுற்றும் வி.பி.என். இயங்குகிறதா என்று பாருங்கள். அது அருகிலுள்ள களஞ்சியத்தை விட்டுத் தொலைவிலுள்ளதை நாட வைக்கும். எந்த நேரத்திலும் பொட்டலங்கள் தொலைந்தால்தான் உப்புக் காற்றைக் குறை சொல்லி, இணைப்பு தருபவரை அழைக்க வேண்டும். சோதித்த நேரமும் வேகமும் எழுதிய ஒரு தாளை அவரிடம் காட்டினால் வேலை எளிதாகும்.

பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 30 கணிப்பொறிகள் ஒரே கிகாபைட்டை முப்பது முறை வெளியிலிருந்து இழுப்பது வீண். 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல், ஒரு கணிப்பொறி இறக்கிய பகுதிகளை அடுத்த கணிப்பொறிக்குத் தரும் வசதி இருக்கிறது. அமைப்புகளில் அதை இயக்கி வைத்தால், மெல்லிய இணைப்புள்ள கூடத்திலும் திருத்தம் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் அன்றைக்கே போய்ச் சேரும்.